உள்ளங்களை ஒன்றிணைத்த உத்தமத் தலைவர் சுவாமி விவேகானந்தர்

பலர் கூடி ஆற்றும் அறப்பணிகள் பொருட்குறைவினால் தடைப்படுவதைக் காட்டிலும் மனவேற்றுமையினால் தடைப்படுவதே மிகுதி. திருக்கோயில் திருப்பணியாயினும் கல்விச்சாலையாயினும், நன்கொடை திரட்டுவோர், கணக்கு எழுதுவோர், மடைப்பள்ளியில் நின்று அன்னம் சமைப்போர், மேடையில் உரையாற்றுவோர் ஆகிய அனைவரையும் ஒரே நோக்கில் நிறுத்துவது தலைமை ஏற்றவருக்குக் கடினமான பணியாகும். சுவாமி விவேகானந்தரின் பெயரைக் கேட்டவுடன் சிக்காகோ நகரின் சர்வசமயப் பேரவையே மக்கள் நினைவுக்கு வருகின்றது. அதற்குப் பின்னர் அவர் ஆற்றிய மற்றொரு பெரும்பணி அத்துணை பேசப்படுவதில்லை. இயல்பால் வேறுபட்ட துறவியரையும் இல்லறத்தாரையும் அயல்நாட்டு அன்பர்களையும் இணைத்து, தாம் மறைந்த பின்னும் நிலைத்து நிற்கும் ஓர் அமைப்பை அவர் உருவாக்கினார். அது எவ்வாறு கைகூடியது என்பதை அவர்தம் வாழ்க்கை வரலாறே எடுத்துரைக்கின்றது.

குரு ஒப்படைத்த பொறுப்பு

1863ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12ஆம் நாள் கல்கத்தா மாநகரில் விசுவநாத தத்தருக்கும் புவனேசுவரி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தவர் நரேந்திரநாதர். தந்தையார் புகழ்பெற்ற வழக்கறிஞர். கல்லூரி மாணவராக இருந்த நரேந்திரர் 1881ஆம் ஆண்டில் ஸ்ரீ இராமகிருஷ்ண பரமஹம்சரை முதன்முதலாகக் கண்டார். எதனையும் ஐயுற்று வினவும் இயல்புடைய அவ்விளைஞரைப் பரமஹம்சர் தடுக்கவில்லை. தம்மையே சோதித்துப் பார்க்குமாறு இடங்கொடுத்தார். பிறர் மாறுபட்டுப் பேசினால் அதனைப் பொறுத்துக் கேட்கும் பண்பை நரேந்திரர் முதலில் கற்றது தம் குருவிடமிருந்தேயாகும்.

1884ஆம் ஆண்டில் தந்தையார் மறைந்தபோது குடும்பம் வறுமையில் வீழ்ந்தது. அடுத்த ஆண்டிலேயே பரமஹம்சருக்குத் தொண்டையில் புற்றுநோய் கண்டது. காசிப்பூர்த் தோட்ட இல்லத்தில் இளஞ்சீடர்கள் இரவு பகலாக அவருக்குப் பணிவிடை செய்தனர். இல்லறச் சீடர்கள் செலவினங்களை ஏற்றனர். தம் இறுதிக் காலம் நெருங்குவதை உணர்ந்த குருநாதர் அவ்விளைஞர்கள் அனைவரையும் நரேந்திரரின் பொறுப்பில் ஒப்படைத்தார். 1886ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16ஆம் நாள் அவர் மகாசமாதி அடைந்தார். அப்பொழுது நரேந்திரருக்கு வயது 23.

பொறுப்பேற்ற சில நாட்களிலேயே முதற்சோதனை வந்தது. குருவின் அஸ்தியை எங்கு வைத்து வழிபடுவது என்பது குறித்து இளைஞர்களுக்கும் இல்லறச் சீடர் சிலருக்கும் இடையே கருத்து வேறுபாடு எழுந்தது. இரு தரப்பினரும் குருவை நேசித்தவர்களே. ஆதலின் எவரும் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. குருவின் பெயரால் பூசல் நேர்வது தகாது என்பதை நரேந்திரர் தம் சகோதரச் சீடர்களுக்கு எடுத்துரைத்து அவர்களை இணங்கச் செய்தார். அஸ்தியின் ஒரு பகுதி காங்குர்காச்சியில் இருந்த இல்லறச் சீடரின் தோட்டத்தில் வைக்கப்பெற்றது. எஞ்சிய பகுதி இளைஞர்களிடம் இருந்தது. அன்று அவர் காட்டிய இணக்கத்தின் பயன் விரைவிலேயே தெரிந்தது. இளைஞர்கள் தங்குவதற்கு இடமின்றித் தவித்தபொழுது, சுரேந்திரநாத் மித்திரர் என்னும் இல்லறச் சீடரே முன்வந்து வராகநகரில் ஒரு பழைய வீட்டிற்கு வாடகை கொடுத்து உதவினார். பரமஹம்சரின் துறவியர் வாழ்ந்த முதல் மடம் அதுவேயாகும்.

வராகநகர் இல்லம்

இடிந்து சிதைந்த அவ்வீட்டில் வாழ்ந்தோர் ஒரே வார்ப்பில் அமைந்தவர்கள் அல்லர். பிரம்மானந்தர் எனப் பின்னாளில் பெயர்பெற்ற இராக்கால் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர், அமைதியே உருவானவர். அற்புதானந்தராக மாறிய லாட்டு பீகாரிலிருந்து பிழைப்புத் தேடி வந்து வீட்டு வேலை செய்தவர், எழுத்தறிவு இல்லாதவர். அபேதானந்தர் தத்துவ நூல்களில் மூழ்கிய அறிஞர். அகண்டானந்தர் ஓரிடத்தில் தங்காது திபெத்து வரை நடந்து சென்ற யாத்திரிகர். இராமகிருஷ்ணானந்தராகிய சசியோ குருவின் திருவுருவத்தையும் அஸ்தியையும் விட்டு அகலாமல் நாள்தோறும் பூசை செய்தவர். பிறர் தியானத்தில் பசி மறந்து அமர்ந்திருந்தாலும் அவர்களை எழுப்பி உண்ணச் செய்தவரும் அவரே.

சோற்றுக்கு உப்பு மட்டுமே துணையாக அமைந்த நாட்களும் அங்கு உண்டு. அத்தகைய வறுமையிலும் அக்குழுவினர் கலைந்து போகவில்லை. வீட்டிற்குத் திரும்பிப் படிப்பைத் தொடர்ந்த இளைஞர்களை நரேந்திரர் தேடிச் சென்று பேசினார். மடத்தில் அவர்களோடு பாடினார், தர்க்கம் செய்தார், நோயுற்றோர்க்குப் பணிவிடை புரிந்தார். அவர் தலைவராக மதிக்கப்பெற்றதற்குப் பதவியோ விதிமுறையோ காரணமன்று. தம்மோடு பசித்திருந்தவர் என்னும் உரிமையே அவர் சொல்லை மற்றவர் ஏற்கும்படி செய்தது.

கடல் கடந்த பயணமும் சென்னை அன்பர்களும்

பின்னர் நரேந்திரர் பாரத நாடெங்கும் துறவியாகச் சுற்றி 1892ஆம் ஆண்டின் இறுதியில் கன்னியாகுமரியை அடைந்தார். நாட்டு மக்களின் வறுமையை நேரில் கண்ட அவர், துறவியர் சமூகத் தொண்டிலும் ஈடுபட வேண்டும் என்ற உறுதியை அப்பயணத்தில் பெற்றார். சென்னையில் அளசிங்கப் பெருமாள் என்னும் ஆசிரியர் தலைமையில் இளைஞர் குழு ஒன்று அவரைச் சூழ்ந்தது. அமெரிக்கப் பயணத்திற்கு வேண்டிய பொருளை அளசிங்கர் வீடு வீடாகச் சென்று திரட்டினார். சமஸ்தான மன்னர்களின் கொடையோடு நடுத்தரக் குடும்பத்தாரின் சிறு தொகைகளும் அதில் அடங்கியிருந்தன.

1893ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் விவேகானந்தர் பம்பாயிலிருந்து கப்பலேறினார். கொழும்பைக் கடந்த அக்கப்பல் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தங்கிச் சென்றது. சிங்கப்பூரின் தாவரவியல் பூங்காவையும் அரும்பொருட்காட்சியகத்தையும் அவர் கண்டு களித்தார். அந்நாளில் அவரை இங்கு அறிந்தவர் எவருமிலர். முப்பது வயதுத் துறவி ஒருவர் இத்துறைமுகங்களின் வழியே அமைதியாகக் கடந்து சென்றார்.

அதே ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் சிக்காகோவில் அவர் ஆற்றிய உரை அவரை உலகறியச் செய்தது. ஆயினும் புகழ் வந்த பின்னர் அவர் மிகுதியாகச் செய்த செயல் கடிதம் எழுதுதலாகும். ஓயாத சொற்பொழிவுகளுக்கிடையே அளசிங்கருக்கும், இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி போன்ற ஆதரவாளர்களுக்கும், கல்கத்தாவில் இருந்த சகோதரத் துறவியர்க்கும் அவர் இடைவிடாது எழுதினார். ஒருவர்க்கு ஊக்கமூட்டினார், ஒருவர்க்குப் பணி வகுத்தார், மற்றொருவரைக் கடிந்துகொண்டார். கூட்டு முயற்சியைக் கெடுக்கும் பகை பொறாமையே என்பதை அக்கடிதங்களில் அவர் மீண்டும் மீண்டும் வலியுறுத்தினார். பொதுப்பணத்திற்குத் துல்லியமான கணக்கு வேண்டும் என்பதிலும் அவர் கண்டிப்பாக இருந்தார். அவர்தம் ஊக்கத்தால் சென்னை அன்பர்கள் 1895ஆம் ஆண்டில் பிரம்மவாதின் என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினர். 1896ஆம் ஆண்டில் பிரபுத்த பாரதம் என்னும் இதழும் சென்னையில் பிறந்தது. கமலாம்பாள் சரித்திரம் என்னும் தமிழ் நாவலை இயற்றிய பி. ஆர். ராஜமையர் அதன் ஆசிரியராகத் தம் மறைவு வரை தொண்டாற்றினார்.

மேலைநாட்டிலும் அவர் ஊதியம் கொடுத்துப் பணியாளரைச் சேர்க்கவில்லை. நியூயார்க்கில் அவருடைய சொற்பொழிவுகளைச் சுருக்கெழுத்தில் எடுப்பதற்காக 1895ஆம் ஆண்டின் இறுதியில் அமர்த்தப்பெற்ற குட்வின் என்னும் ஆங்கிலேய இளைஞர், சிறிது காலத்திலேயே கூலி வாங்க மறுத்துச் சீடராகவே மாறிவிட்டார். இன்று நூல்களாக விளங்கும் சுவாமிகளின் உரைகளுள் பெரும்பகுதி அவ்விளைஞரின் உழைப்பால் நிலைபெற்றதாகும். 1898ஆம் ஆண்டில் உதகமண்டலத்தில் குட்வின் மறைந்த செய்தி கேட்டுச் சுவாமிகள் ஆறாத் துயருற்றார்.

தாம் ஒருவரே பேசி, தாம் ஒருவரே புகழ்பெறும் நிலையை அவர் விரும்பவில்லை. 1896ஆம் ஆண்டில் அபேதானந்தரை இலண்டனுக்கு வரவழைத்த அவர், அவரைக் கலந்துகொள்ளாமலேயே ஒரு கூட்டத்தில் அவர் பேசுவார் என்று அறிவித்துவிட்டார். அதற்கு முன் பொதுமேடையில் பேசியறியாத அபேதானந்தர் கலங்கினார். சுவாமிகளோ தைரியமூட்டி அவரை மேடையேற்றினார். உரை சிறப்பாக அமைந்தது. அவையோரைக் காட்டிலும் பெருமகிழ்ச்சி கொண்டவர் விவேகானந்தரேயாவார். தமக்குப் பின்னரும் பணி நடைபெறும் என்ற நம்பிக்கை அவருக்கு அன்று பிறந்தது. அபேதானந்தர் பின்னர் நியூயார்க் வேதாந்த சங்கத்தைப் பல ஆண்டுகள் நடத்தினார்.

சென்னைக்கு வந்த பூசகர்

1897ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் சுவாமிகள் கொழும்பு வழியாகத் தாயகம் திரும்பினார். பாம்பனில் சேதுபதி மன்னர் அவரை எதிர்கொண்டு வரவேற்றார். சென்னையில் அவர் தங்கியிருந்த நாட்களில் அன்பர்கள் ஒரு வேண்டுகோள் விடுத்தனர். தங்களுக்கு வழிகாட்ட நிலையாக ஒரு துறவியை அனுப்பியருள வேண்டும் என்பதே அவ்வேண்டுகோள். தென்னாட்டு வைதிகர்களும் மதிக்கத்தக்க ஆசாரசீலர் ஒருவரை அனுப்புவதாக அவர் வாக்களித்தார்.

அவர் மனத்தில் கொண்டவர் இராமகிருஷ்ணானந்தர். மற்றச் சகோதரர் பலர் தீர்த்த யாத்திரை சென்றபோதும், குருவின் சந்நிதியே தமக்குக் காசி எனக் கருதிப் பத்தாண்டுக் காலம் மடத்தை விட்டு நகராதவர் அவர். பூசையே அவருக்கு உயிர். அதனைக் கைவிட்டு மொழியறியாத ஊருக்குச் செல்லுமாறு ஒருவரைக் கேட்பது எளிதன்று. ஆயினும் சுவாமிகளின் விருப்பத்தை அறிந்தவுடன் அவர் மறுமொழி கூறாது புறப்பட்டார். 1897ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னை வந்து சேர்ந்தார். தாமே சமைத்து உண்டு, நகரின் பல பகுதிகளுக்கும் சென்று வகுப்புகள் நடத்தினார். 1905ஆம் ஆண்டில் அவர்தம் ஊக்கத்தால் ஏழை மாணவர் இல்லம் ஒன்று சென்னையில் தோன்றியது. 1911ஆம் ஆண்டில் அன்னை சாரதாதேவியாரின் இராமேசுவர யாத்திரைக்கு ஏற்பாடு செய்தவரும் அவரே. அதே ஆண்டில் அவர் மறைந்தார். சுவாமிகள் ஒரு சொல்லால் அவரைப் பெயர்த்து அனுப்ப முடிந்ததற்குக் காரணம், அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் அவ்விருவரிடையே வளர்ந்திருந்த நம்பிக்கையேயாகும்.

மாறுபட்ட கருத்தும் கண்ணீரும்

1897ஆம் ஆண்டு மே முதல் நாள், கல்கத்தாவில் பலராம் போஸ் என்னும் அடியாரின் இல்லத்தில் துறவியரும் இல்லறத்தாரும் கூடினர். இராமகிருஷ்ண மிஷன் அன்று பிறந்தது. சுவாமிகள் பொதுத் தலைவராகவும், கல்கத்தாக் கிளைக்குப் பிரம்மானந்தர் தலைவராகவும் யோகானந்தர் துணைத்தலைவராகவும் அமைந்தனர்.

கூட்டம் முடிந்தவுடனேயே ஐயம் எழுந்தது. கூட்டங்கள், தீர்மானங்கள், நிவாரணப் பணிகள் ஆகிய இவையெல்லாம் மேனாட்டு முறைகள் அல்லவா, பக்தியையும் தியானத்தையும் போதித்த குருநாதரின் நெறிக்கு இவை ஒத்தவையா என்று யோகானந்தர் வெளிப்படையாகவே வினவினார். இக்கேள்வி அற்பமானதன்று. துறவியர் குழு இரண்டாகப் பிளவுபடுவதற்கு இதுவே போதுமானதாக இருந்தது. குருவின் நெறி எல்லையற்றது, அதனை ஒரு வழியில் மட்டும் அடக்க இயலாது என்று சுவாமிகள் பொறுமையாக விளக்கினார்.

பிறிதொரு நாள் அதே இல்லத்தில் மற்றொரு சகோதரத் துறவி இக்குறையை மீண்டும் எழுப்பினார். முதலில் நகைத்துப் பேசிய சுவாமிகள் படிப்படியாக உணர்ச்சிவயப்பட்டார். குரல் தழுதழுத்தது, கண்கள் நிறைந்தன. மேலே பேச இயலாமல் எழுந்து உள்ளறைக்குள் சென்றுவிட்டார். சிறிது நேரம் கழித்துச் சகோதரர்கள் உள்ளே சென்று பார்த்தபோது, அவர் அசையாது தியானத்தில் அமர்ந்திருந்தார். கன்னங்களில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வெளியே வந்தபின், தாம் குருவின் பணியாளர் மட்டுமே என்றும், குருபக்தியில் கரைந்துவிட்டால் பணி நிற்குமென்று அஞ்சியே தம் உணர்வை அடக்கி வாழ்வதாகவும் அவர் தெரிவித்தார்.

அன்றைய தினம் அவர்களை இணங்கச் செய்தது வாதமன்று. தங்களைப் போலவே அவரும் குருவை எண்ணி உருகுகின்றவர் என்பதைச் சகோதரர்கள் நேரில் கண்டனர். நோக்கத்தில் ஐயம் நீங்கிய பின்னர், வழிமுறை பற்றிய வேறுபாடு அவர்களுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. வினா எழுப்பியவர் மீது சுவாமிகள் வன்மம் பாராட்டவுமில்லை. யோகானந்தர் 1899ஆம் ஆண்டில் மறையும் வரை அன்னை சாரதாதேவியாருக்குத் தொண்டு செய்யும் பெரும்பேற்றினைத் தொடர்ந்து பெற்றிருந்தார்.

அவரவர்க்கு உரிய பணி

பணியை வகுத்துக்கொண்டு அதற்குள் மனிதரைத் திணிப்பது சுவாமிகளின் வழக்கமன்று. யாத்திரிகரான அகண்டானந்தர் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் நடந்து செல்கையில் பஞ்சத்தால் வாடிய மக்களைக் கண்டு மேலே செல்ல மனமின்றி அங்கேயே தங்கிவிட்டார். செய்தியறிந்த விவேகானந்தர் பணமும் உதவிக்கு இரு துறவியரையும் அனுப்பினார். 1897ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கிய அத்தொண்டே மிஷனின் முதல் நிவாரணப் பணியாகும். அகண்டானந்தர் பின்னர் சர்காச்சியில் அனாதைச் சிறுவர்க்கு இல்லம் அமைத்துத் தம் வாழ்நாளை அங்கேயே கழித்தார்.

1898ஆம் ஆண்டில் கங்கைக் கரையில் பேலூரில் நிலம் வாங்கப்பெற்றபோது, கட்டடப் பொறுப்பு விஞ்ஞானானந்தரிடம் ஒப்படைக்கப்பெற்றது. துறவு பூணுவதற்கு முன் அவர் பொறியாளராகப் பணியாற்றியவர். 1899ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய உத்போதன் என்னும் வங்காள இதழுக்குத் திரிகுணாதீதானந்தர் பொறுப்பேற்று, பசியையும் காய்ச்சலையும் பொருட்படுத்தாது உழைத்தார். அமெரிக்காவில் இருந்து திரும்பிய சாரதானந்தர் செயலாளர் ஆனார். 1927ஆம் ஆண்டில் மறையும் வரை அப்பொறுப்பை அவர் சுமந்தார்.

அற்புதானந்தர் தொடர்பான நிகழ்ச்சி ஒன்று குறிப்பிடத்தக்கது. விடியற்காலையில் மணியடித்தவுடன் அனைவரும் எழுந்து தியானத்தில் அமர வேண்டும் என்று மடத்தில் விதி வகுக்கப்பெற்றது. அதனைக் கேட்ட அற்புதானந்தர் தம் துணியை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். காரணம் கேட்டபோது, மணியோசைக்கு ஏற்பத் தம் மனம் தியானத்தில் நிலைக்கும் பக்குவம் தமக்கில்லை என்று கள்ளமின்றிக் கூறினார். அவ்விதி புதிதாகச் சேர்ந்த இளைஞர்களை நெறிப்படுத்துவதற்கே உரியது, அவரைக் கட்டுப்படுத்துவதற்கு அன்று என்று சுவாமிகள் விளக்கி அவரை மடத்திலேயே இருத்திக்கொண்டார். விதி நீக்கப்படவில்லை, குருவின் அன்பைப் பெற்ற அம்மூத்த துறவியும் இழக்கப்படவில்லை.

அயல்நாட்டு அன்பர்களிடமும் அவர் இவ்வாறே நடந்துகொண்டார். அயர்லாந்தில் பிறந்த மார்கரெட் நோபிள் அம்மையார் பாரதத்திற்கு வர விரும்பியபோது, இங்குள்ள வெப்பத்தையும் வறுமையையும் சமூகத்தின் புறக்கணிப்பையும் மறைக்காமல் முன்னரே எழுதியறிவித்தார். அனைத்தையும் அறிந்தே வந்த அவ்வம்மையார் நிவேதிதை என்னும் பெயர் பெற்று, 1898ஆம் ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் பெண்கள் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் அந்நகரைப் பிளேக் நோய் தாக்கியபோது, சதானந்தருடன் சேர்ந்து தெருக்களைத் துப்புரவு செய்யும் பணியில் இறங்கினார்.

இமயமலைச் சாரலில் மாயாவதி ஆசிரமத்தை 1899ஆம் ஆண்டில் நிறுவிய சேவியர் தம்பதியரும் சுவாமிகளின் ஆங்கிலேய அன்பர்களே. 1900ஆம் ஆண்டு அக்டோபரில் காப்டன் சேவியர் மறைந்தார். அதே ஆண்டு டிசம்பரில் வெளிநாட்டிலிருந்து திரும்பிய சுவாமிகள், தம் உடல் நலிந்திருந்தும், கடுங்குளிரில் பனி மூடிய மலைப்பாதை வழியே மாயாவதிக்குச் சென்று அவ்வம்மையாருக்கு ஆறுதல் கூறினார். அமைப்பிற்குப் பெரும்பொருள் ஈந்தவர் என்பதற்காக அவர் செல்லவில்லை. உடன் உழைத்தவரின் துயரில் உடனிருப்பது தம் கடமை என்று அவர் கருதினார்.

சினமும் தழுவலும்

விவேகானந்தர் குறையே இல்லாதவர் என்று கூறுவது உண்மையாகாது. நோயும் ஓய்வின்மையும் அவரை விரைவில் சினங்கொள்ளச் செய்தன. அச்சினத்தைப் பெரிதும் தாங்கியவர் பிரம்மானந்தர். பேலூரில் கங்கைக் கரையைக் கட்டும் பணியில் செலவு மதிப்பீட்டைக் கடந்துவிட்டபோது, சுவாமிகள் அவரைக் கடுஞ்சொற்களால் கண்டித்தார். மதிப்பீடு தயாரித்தவர் விஞ்ஞானானந்தரே ஆயினும், பிரம்மானந்தர் பழியை அவர்மீது சுமத்தாமல் தாமே அமைதியாக ஏற்றுக்கொண்டு தம் அறைக்குச் சென்று கதவடைத்துக்கொண்டார். சற்று நேரத்தில் சுவாமிகளின் மனம் உருகியது. பிரம்மானந்தர் அழுதுகொண்டிருப்பதை அறிந்ததும் தாமே எழுந்து சென்று, அவரைத் தழுவிக் கண்ணீர் மல்க மன்னிப்புக் கோரினார்.

தலைவர் ஒருவர் தம்மினும் கீழ்ப்பட்ட பொறுப்பில் உள்ளவரிடம் சென்று தம் தவற்றை ஒப்புக்கொள்வது எக்காலத்திலும் அரிது. சினத்தைக் காட்டிய அளவிற்கே அன்பையும் மறைக்காமல் காட்டியதனால், அவருடைய கடுமை எவரையும் மடத்தை விட்டு விரட்டவில்லை. 1897ஆம் ஆண்டில் மேலைநாட்டிலிருந்து தாம் கொண்டுவந்த பணம் முழுவதையும் அவர் பிரம்மானந்தரின் கையிலேயே ஒப்படைத்திருந்தார் என்பதும் இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

தலைமையைத் துறந்த தலைவர்

1898ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், குருவின் அஸ்திக் கலசத்தைத் தம் தோளில் சுமந்து சென்று பேலூர் மடத்து நிலத்தில் சுவாமிகள் எழுந்தருளச் செய்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பூசலுக்கு இடமான அவ்வஸ்திக்கு நிலையான இருப்பிடம் கிடைத்தது. அவ்வாண்டில் கல்கத்தாவில் பிளேக் நோயச்சம் பரவியபோது, நோயாளர்க்கு உதவப் பொருள் இல்லையெனில் புதிதாக வாங்கிய அந்நிலத்தையே விற்றுவிடலாம் என்று கூறியவரும் அவரே. இடத்தைவிட மனிதர் பெரியர் என்பதில் அவர் தெளிவாக இருந்தார்.

1901ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் பேலூர் மடத்தின் சொத்துக்களைச் சகோதரத் துறவியர் அடங்கிய அறங்காவலர் குழுவிடம் அவர் ஆவணப்படி ஒப்படைத்தார். அடுத்த திங்களில் பிரம்மானந்தர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அப்போது விவேகானந்தருக்கு வயது 38 மட்டுமே. உலகப்புகழ் பெற்றிருந்த அவர் தாம் உயிருடன் இருக்கும்போதே பொறுப்பினைக் கைமாற்றி, அதன்பின் மடத்தில் ஒரு மூத்த சகோதரராகவே வாழ்ந்தார்.

அந்நாட்களில் மடத்து நிலத்தைச் சமன்செய்ய வந்த சந்தால் பழங்குடித் தொழிலாளர்களுடன் அவர் அமர்ந்து அவர்தம் இன்ப துன்பங்களைக் கேட்பது வழக்கம். ஒருநாள் அவர்கள் அனைவருக்கும் விருந்தளிக்க விரும்பினார். பிறர் சமைத்த உணவில் உப்பு இருந்தால் அதனை உண்பது தங்கள் குல வழக்கிற்கு மாறானது என்று அவர்கள் தயங்கினர். உப்பின்றியே உணவு சமைக்கச் செய்து, இனிப்பும் தயிரும் சேர்த்து, தாமே அருகிலிருந்து அவர்களை உண்பித்தார். பெருந்தலைவர்களையும் மன்னர்களையும் சந்தித்த அவருக்கு, மண் வெட்டுவோரின் வழக்கத்தை மதிப்பதும் மடத்துப் பணியின் பகுதியாகவே தோன்றியது.

1902ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் இரவு சுவாமிகள் பேலூரில் மகாசமாதி அடைந்தார். அவர் நாற்பது வயதையும் எட்டவில்லை. நிறுவியவர் இத்துணை விரைவில் மறைந்தால் பல அமைப்புகள் சிதறிப்போவதுண்டு. இவ்வமைப்பு சிதறவில்லை. பிரம்மானந்தர் 1922ஆம் ஆண்டில் மறையும் வரை தலைவராக இருந்து மென்மையான முறையில் அதனை வளர்த்தார். 1909ஆம் ஆண்டில் மிஷன் சட்டப்படி பதிவு பெற்றது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அவர் நினைவு வேரூன்றியது. 1904ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் அன்பர்கள் விவேகானந்த ஆசிரமத்தை நிறுவினர். 1928ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் இராமகிருஷ்ண மிஷனின் கிளை தொடங்கப்பெற்றது. 1893ஆம் ஆண்டில் எவரும் அறியாது இவ்வழியே கடந்துசென்ற இளந்துறவியின் பெயரால் இங்கே கல்வியும் வழிபாடும் தொண்டும் தழைத்தன.

ஆலயப் பணியில் ஈடுபடுவோர்க்கு இவ்வரலாறு நெருக்கமானது. வழிபாட்டில் ஊன்றியவரும் சமூகத் தொண்டில் ஊன்றியவரும் ஒரே செயற்குழுவில் அமரும்போது கருத்து மாறுபடுவது இயல்பு. செலவு மதிப்பீட்டைக் கடப்பதும், ஒருவர் மற்றொருவரைக் கடிந்து பேசுவதும், மனம் நொந்தவர் ஒதுங்கிச் செல்வதும் எந்த நிர்வாகத்திலும் நிகழக்கூடியவையே. அத்தகைய வேளையில் மூடிய கதவைத் தட்டி உள்ளே செல்லும் முதல்வராகத் தலைவரே இருத்தல் வேண்டும் என்பதைச் சுவாமி விவேகானந்தர் வாழ்ந்து காட்டினார். அவர் காட்டிய அன்புநெறி திருப்பணியில் ஈடுபட்ட அடியார் அனைவரையும் ஒன்றிணைத்து வழிநடத்துவதாக.